மொரிஷியஸில் டீம் நடத்துகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எபேனில் ஓர் அலுவலகம். பிரான்ஸில் இருக்கும் நிறுவனங்களுக்கு இங்கிருந்து கணக்கு எழுதிக் கொடுக்கிறோம். அதில் 11 பேர் கொண்ட ஒரு டீமை நான் பார்த்துக்கொள்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம்; இந்தத் தீவுக்கு வந்து 14 வருடம் ஆகிறது. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் புதிதாக வந்து டீம் லீடர் ஆகும் தம்பி தங்கைகள் வருடா வருடம் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். ஹோட்டலில், துணி ஆலையில் வேலை பார்ப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

நேற்றுவரை கூட வேலை பார்த்தேன், இன்று டீம் லீடர். முதல் வாரம் என்ன செய்யட்டும்?

எதையும் மாற்றாதீர்கள். ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து இரண்டே கேள்வி கேளுங்கள். உங்கள் கைக்கு வேலை யாரிடமிருந்து வருகிறது? முடித்ததும் யாரிடம் போகிறது? பதில்களை ஒரே தாளில் அம்புக்குறி போட்டு வரையுங்கள்.

நான் அப்படி வரைந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. கிளையன்ட் அனுப்பும் இன்வாய்ஸில் வரி எண் சரியாக இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். மூன்று பேர் இருந்தார்கள். ஒவ்வொருவரும் இன்னொருவர் பெயரைச் சொன்னார். ஆக, ஒருவரும் பார்க்கவில்லை. மாதக் கடைசியில் அந்தத் தவறு வெளியே வரும்போதெல்லாம் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்வார்கள். "அந்த டீமில் ஒற்றுமை கிடையாது" என்று மேலே பேச்சு. ஒற்றுமையெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அந்த வேலைக்குத்தான் ஆள் இல்லை.

கீழே நான் சொல்லப்போகும் பலவற்றுக்கும் அடிப்படை இதுதான். மனக்கசப்பில் முக்கால்வாசி, வேலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் இடத்தில் பிறக்கிறது. அந்த இடத்தை முதலில் பாருங்கள். யாருக்கு யாரைப் பிடிக்கும், பிடிக்காது என்பதை அப்புறம் பார்க்கலாம்.

டீமில் எந்த மொழியில் பேசுவது?

இந்த நாட்டில் சட்டமும் அரசுக் கடிதமும் ஆங்கிலத்தில் இருக்கும், செய்தித்தாள் பிரெஞ்சில் வரும், மனிதர்கள் கிரியோல் என்ற உள்ளூர் மொழியில் பேசுவார்கள். எங்கள் டீமில் முடிவு செய்துகொண்டது இது: எழுதுவது பிரெஞ்சில், ஏனென்றால் கிளையன்ட் பிரெஞ்சுக்காரர். பேசுவது கிரியோலில். எனக்குக் கிரியோல் இன்றும் தடுமாறும்; தடுமாறினாலும் அதில்தான் பேசுகிறேன்.

தமிழ் பேசக் கூடாதா என்று கேட்பீர்கள். பேசலாம். மூன்றாவது ஆள் வந்து உட்கார்ந்ததும் மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நாம் தமிழில் ஏதோ சொல்லிச் சிரித்தால், பக்கத்து மேசைக்காரர் தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறோம் என்று நினைப்பார். மடகாஸ்கர் நண்பர்கள் இருவர் மலகாசியில் பேசிச் சிரித்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன்.

புதிதாக வருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கிரியோலில் "தொ" என்றால் நீ, "ஊ" என்றால் நீங்கள். நான் கிரியோல் கற்றது கான்டீனில் இளவட்டங்களிடம். அதனால் எல்லாரையும் "தொ" என்றேன், எங்கள் பிரிவில் 30 வருட அனுபவமுள்ள ஒரு மேடம் உட்பட. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கேட்ட ஃபைலைக் கொடுப்பார், கேட்காததைக் கொடுக்க மாட்டார். இவருக்கு நம்மைப் பிடிக்கவில்லை போல என்று நானும் ஒதுங்கிக்கொண்டேன். ஒன்றரை மாதம் கழித்து ஒரு சக ஊழியர் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். ஊரில் அம்மா வயது ஆசிரியையை "நீ வா" என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்! மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டு, அதே கையோடு எனக்குத் தெரியாமலே மாதக்கணக்கில் என் மேசைக்கு வந்துகொண்டிருந்த ஒரு தவறான படிவத்தை எடுத்துக் காட்டினார்.

எல்லாரும் "கொரெக்" என்கிறார்கள், வேலை நடப்பதில்லை. ஏன்?

"கொரெக்" என்பது நம் "சரி" மாதிரி. சரி என்றால் செய்கிறேன் என்றும் அர்த்தம், கேட்டுக்கொண்டேன் என்றும் அர்த்தம், இப்போதைக்கு என்னை விடு என்றும் அர்த்தம். பிரெஞ்சில் "தூத் ஆ லேர்" என்று ஒன்று உண்டு. "கொஞ்சம் முன்னால்" என்பதற்கும் அதுதான், "இன்னும் கொஞ்ச நேரத்தில்" என்பதற்கும் அதுதான். அனுப்பிவிட்டாரா, அனுப்பப் போகிறாரா என்று வினைச்சொல்லைக் கவனித்தால்தான் தெரியும். பிரெஞ்சு அரைகுறையாகத் தெரிந்த நான் அனுப்பியாயிற்று என்று எடுத்துக்கொண்டு கிளையன்டிடம் சொல்லி, ஒரு சாயங்காலம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதனால் "சரி"க்குப் பிறகு இன்னொரு கேள்வி கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: எத்தனை மணிக்கு? மணி சொல்லிவிட்டால் அது வாக்கு. மணி சொல்லத் தயங்கினால் ஏதோ தடை இருக்கிறது, அப்போதே கேட்டுவிடலாம்.

ஷிப்ட் மாறும்போது ஒவ்வொரு நாளும் சண்டை. என்ன செய்யலாம்?

இதுதான் என் செல்லக் கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நாங்கள் பிரான்ஸின் கடிகாரத்துக்கு வேலை பார்க்கிறவர்கள். மொரிஷியஸ் கடிகாரத்தை மாற்றுவதில்லை. 2008 கடைசியில் ஒரு கோடைக்கு மாற்றிப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். பிரான்ஸ் மாற்றும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நமக்கும் அவர்களுக்கும் 2 மணி நேரம் வித்தியாசம், மற்ற மாதங்களில் 3 மணி நேரம். குளிர்காலத்தில் பாரிஸில் மாலை 6 மணி என்றால் இங்கே இரவு 9. அதனால் எங்களுக்கு இரண்டு ஷிப்ட்.

காலை ஷிப்டுக்காரர் பஸ் பிடிக்கும் அவசரத்தில் கிளம்புவார். மதியம் வருபவர் வந்து பார்த்தால் ஒரு ஃபைல் பாதியில் நிற்கும். எங்கே நின்றது என்று தெரியாது. திரும்ப முதலிலிருந்து செய்வார். மறுநாள் காலைக்காரர் வந்து "என் வேலையை ஏன் கலைத்தாய்" என்பார். இருவருமே நல்ல உழைப்பாளிகள். ஒரு கட்டத்தில் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பொதுவாக என்ன செய்வோம்? இருவரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, "பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்போம். நானும் செய்தேன். அரை மணி நேரம் பழைய கணக்கெல்லாம் வெளியே வந்தது, இன்னும் மோசமாயிற்று.

அப்புறம் வேலையை ஒப்படைக்க ஒரு சின்ன ஹேண்டோவர் ஷீட் போட்டேன். ஒரு ஃபைலுக்கு ஒரு வரி, நான்கு கட்டம். எங்கே நிற்கிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும். எதைத் தொடக் கூடாது. எதில் சந்தேகம். கிளம்புவதற்கு 10 நிமிடம் முன்பு வேலையை நிறுத்திவிட்டு இதை எழுத வேண்டும். அந்த 10 நிமிடமும் வேலை நேரம்தான், வீட்டுக்குப் போகும் நேரத்தில் பிடிப்பதில்லை. வருபவர் அதைப் படித்துத் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட வேண்டும். போட்டபிறகு அந்த ஃபைல் அவருடையது.

மூன்றாவது கட்டம்தான் உயிர். "17ஆம் வரியைத் தொடாதே, கிளையன்ட் போனில் சொன்ன தொகை, மெயில் இன்னும் வரவில்லை" என்று ஒருவர் எழுதியதைப் பார்த்தபோது, மற்றவர் இத்தனை நாள் கோபத்துடன் திருத்திக்கொண்டிருந்தது எதை என்று அவருக்கே புரிந்தது. முதல் வாரம் கட்டங்களில் தந்தி மாதிரி எழுதினார்கள். மூன்றாவது வாரம் நான்காவது கட்டத்தில் ஒரு கேள்வி வந்தது, அடியில் பதிலும் இருந்தது. நான் சமாதானம் பேசவே இல்லை. அவர்கள் இன்றும் நெருங்கிய நண்பர்கள் கிடையாது. வேலை ஓடுகிறது, காலை வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு அது போதும்.

வாட்சப் குழு வைக்கலாமா?

வைக்கலாம், ஒன்றே ஒன்று. "பஸ் வரவில்லை, தாமதமாகும்" போன்றவற்றுக்கு. வேலையை அதில் ஒப்படைக்காதீர்கள். பிறந்தநாள் கேக் படங்களுக்கு நடுவே புதைந்துவிடும்.

ஆள் கூடினால் ஏன் குழப்பமும் கூடுகிறது?

கணக்குப் போட்டால் தெரியும். 6 பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 15 வழி. 11 பேர் ஆனால் 55. ஆள் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, பேச்சு மூன்றரை மடங்குக்கு மேல் போய்விட்டது. எங்கள் டீம் 6இலிருந்து 11 ஆன வருடம்தான் எல்லாம் சிக்கலானது. அதுவரை ஒருவர் குரல் கொடுத்தால் எல்லாருக்கும் கேட்கும். அதற்குப் பிறகு எழுதி வைக்காதது எதுவும் நடக்கவில்லை.

தாமதமாகிவிட்ட வேலைக்குப் புது ஆட்களைக் கொடுத்தால் இன்னும் தாமதமாகும் என்று மென்பொருள்காரர்கள் 1970களிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கணக்கு வேலையிலும் உண்மைதான். புதியவருக்குச் சொல்லித்தர உட்காருபவர் யார்? ஏற்கெனவே தாமதத்தில் மூழ்கியிருக்கும் அதே ஆள்.

ஒருவர் மட்டும் ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறார். மற்றவர்கள் கோபப்படுகிறார்கள்.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்போம். வடத்தில் கை வைத்த எல்லாரும் இழுக்கிறார்களா என்று பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்து, 1913இல் வெளியிட்டார். 8 பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒவ்வொருவரும் தனியாக இழுக்கும் பலத்தில் ஏறக்குறைய பாதிதான் வந்தது. ஒரே நேரத்தில் சேர்ந்து இழுக்காததும் ஒரு காரணம், நம் இழுப்பு யாருக்குத் தெரியப்போகிறது என்ற எண்ணமும் ஒரு காரணம்.

ஆகவே "டீம் பார்த்துக்கொள்ளும்" என்று எந்த வேலையையும் விடாதீர்கள். ஒரு வேலைக்கு ஒரு பெயர். இரண்டு பெயர் போட்டால் பெயரே போடாத மாதிரி. பெயர் போட்ட பிறகும் நகரவில்லை என்றால் தனியாகக் கேளுங்கள், குற்றம் சாட்டாமல். எங்களிடம் ஒருவர் மூன்று மாதம் அப்படி இருந்தார். அம்மாவுக்கு டயாலிசிஸ், வாரம் மூன்று முறை அவர்தான் அழைத்துப் போகவேண்டும். ஷிப்டை மாற்றினோம், சரியாயிற்று. வேறு ஒருவர் இருந்தார். அவருக்கு உண்மையிலேயே சோம்பல்தான். அதற்கு மேலாளர் வழி உண்டு, டீம் வழி கிடையாது.

பண்டிகை லீவில்தான் எங்களுக்குள் பிரச்சினை. யாருக்குக் கொடுப்பது?

பிரெஞ்சு நிறுவனங்களில் பெரும்பாலானவை டிசம்பர் 31 அன்று கணக்கை முடிப்பவை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை எங்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. அதே மாதங்களில் இங்கே என்னென்ன வருகிறது பாருங்கள். தைப்பூசக் காவடி, சீனப் புத்தாண்டு, மகா சிவராத்திரி, உகாதி. பிப்ரவரி 1 அடிமைமுறை ஒழிப்பு நாள், மார்ச் 12 தேசிய நாள். அண்மைய வருடங்களில் ஈதுப் பெருநாளும் இதற்குள்ளேயே வந்தது. இவையெல்லாம் இந்த நாட்டின் பொது விடுமுறைகள். கிளையன்டுக்கு ஒன்றும் விடுமுறை கிடையாது.

விடுமுறை நாள் மட்டும் கணக்கல்ல என்பதைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. காவடி எடுப்பவர் அதற்கு முந்தைய 10 நாளும் விரதம் இருப்பார். சிவராத்திரிக்குக் கங்கா தலாவ் என்ற புனித ஏரிக்கு நடந்து போகிறவர்கள் முதல் நாளோ அதற்கு முன்னரோ கிளம்பிவிடுவார்கள். திரும்பி வந்த மறுநாள் கால் ஊன்ற முடியாது. அந்த நாளில் முக்கியமான வேலையை அவர் தலையில் வைத்தால் தப்பு நம்முடையது.

நாங்கள் டிசம்பர் முதல் வாரத்தில் வருடம் முழுவதற்கும் காலண்டரை மேசையில் விரித்துவைத்துப் பேசிவிடுவோம். ஆளுக்கு "இந்த நாள் எனக்கு வேண்டும்" என்று இரண்டு நாள் உறுதி. மற்றதை மாற்றிக்கொள்ளலாம்: நீ என் காவடிக்கு இரு, நான் உன் ஈதுக்கு இருக்கிறேன். பொது விடுமுறையில் வேலை பார்ப்பவருக்கு இரட்டைச் சம்பளம் என்பதால் சிலர் தாமே முன்வருவார்கள். அவர்களிடமே எப்போதும் தள்ளிவிடாதீர்கள்.

காலண்டரில் பெயர்களை எந்த வரிசையில் எழுதுவது என்பதுகூடச் சின்ன விஷயம் இல்லை. முதல் வருடம் வேலையில் சேர்ந்த தேதிப்படி எழுதினேன். கீழே இருந்தவர்கள், மிச்சம் இருப்பதுதான் எங்களுக்கா என்றார்கள். வரிசைக்கு இவ்வளவு கோபமா என்று அப்போது தோன்றியது. 1998இல் இந்நாட்டு மத்திய வங்கி புதிய ரூபாய் நோட்டுகளை வெளியிட்டபோது தமிழ் எழுத்து இந்திக்குக் கீழே போய்விட்டது. இங்குள்ள தமிழர்கள் எதிர்த்தார்கள். நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு மறுவருடம் பழைய வரிசையில் வந்தன. ஒரு நாட்டுக்கே அப்படி என்றால் 11 பேருக்கு இருக்காதா? இப்போது ஒவ்வொரு வருடமும் கடைசிப் பெயர் முதலுக்கு வரும்.

மொரிஷியஸ் தமிழர்களுக்கும் ஊரிலிருந்து வந்தவர்களுக்கும் ஒத்துவரவில்லையே?

ஒத்துவராமல் போவதற்குப் பெரும்பாலும் நாம்தான் காரணம், வருத்தத்துடன் சொல்கிறேன். பெயரைப் பார்த்து உடனே தமிழில் பேச ஆரம்பிப்போம். அவர் புரியாமல் விழித்தால் "என்ன, தமிழ் தெரியாதா?" என்போம். அவருடைய முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு வந்து ஐந்தாறு தலைமுறை ஆகிறது. வீட்டில் கிரியோல். பள்ளியில் தமிழ் ஒரு பாடமாகப் படித்திருக்கலாம். பேச வராதவர் தேவாரம் சொல்வார், வாழையிலையில் ஏழு கறி பரிமாறுவார். நாம் அங்கே போய்த் தமிழ்த் தேர்வு வைக்கக் கூடாது.

இன்னொன்று, ஊர்க்காரருக்குச் சலுகை. நான் கொடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாரோடு டீ குடிக்கிறேன் என்று ஒரு மாதம் எண்ணிப் பார்த்தேன். எண்ணியபிறகு மாற்றிக்கொண்டேன்.

மைக்ரோவேவ் சண்டை?

வருடத்துக்கு ஒரு முறை வரும். உப்புக் கருவாட்டை யாராவது சூடுபண்ணுவார்கள், அதே வாரம் யாராவது விரதத்தில் இருப்பார்கள். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று ஆகாது. நியாயம் பேசாதீர்கள், இன்னொரு மைக்ரோவேவ் வாங்குங்கள். ஒன்றில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, சைவம் மட்டும். நான் மேலிடத்தில் கேட்டு வாங்கிய பொருள்களிலேயே அதிகப் பலன் கொடுத்தது அதுதான்.

தவறு நடந்தால் எல்லாரும் மறைக்கிறார்கள். எப்படி வெளியே கொண்டுவருவது?

1990களில் அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மன்ட்சன் மருத்துவமனைக் குழுக்களைப் பார்த்தார். நல்ல குழுக்களில் மருந்துத் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், அங்கேதான் அதிகம் பதிவாகியிருந்தது. தவறை அவர்கள் வெளிப்படையாகப் பேசியதுதான் அதற்கு விளக்கம் என்று கண்டார். மற்ற இடங்களில் தவறு நடந்தும் வாய் திறக்கவில்லை.

பேச வைக்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும்: முதலில் நம் தவறைச் சொல்வது. ஒரு கிளையன்டின் சம்பளப் பட்டியலை வேறொரு கிளையன்டுக்கு நானே அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை மீட்டிங்கில் எப்படி நடந்தது, எந்த இரண்டு ஃபைல் பெயரும் ஒரே மாதிரி இருந்தன, யாரிடம் எப்படிச் சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அறையில் ஈ பறந்தால் கேட்கும். இரண்டு நாள் கழித்து, டீமிலேயே இளைய பெண் வந்து, "மிஸியே (சார்), நானும் போன மாதம்..." என்று ஆரம்பித்தார். அந்த நேரத்தில் நம் முகம் மாறக் கூடாது. மாறினால் அவ்வளவுதான், இன்னொருவர் வர மாட்டார்.

புயல் நாளில் என்ன செய்வது?

இங்கே புயல் எச்சரிக்கை நான்கு நிலை. முதல் நிலை, பலத்த காற்றுக்கு 36 முதல் 48 மணி நேரம் முன்பே வரும். அன்றே யார் எங்கே இருக்கிறார்கள், யார் வீட்டில் மின்சாரமும் இணையமும் நிலைக்கும், யார் மழைநீர் தேங்கும் பகுதியில் இருக்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். கிளையன்டுக்கும் அன்றே மெயில் போட்டுவிடுங்கள். மூன்றாம் நிலை வரும்வரை யாரையும் நாற்காலியில் பிடித்து வைக்காதீர்கள். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலின்போது போர்ட் லூயியில் வெள்ளம் கார்களை இழுத்துக்கொண்டு போனது. அன்று ஊழியரைச் சீக்கிரம் அனுப்பிய மேலாளர் யார், அனுப்பாதவர் யார் என்று இங்கே இன்னும் பேசிக்கொள்கிறார்கள்.

டீம் பில்டிங், கடற்கரை பிக்னிக் எல்லாம் பலன் தருமா?

பிரியாணி நன்றாக இருக்கும். இந்தத் தீவின் நடனமான சேகா ஆடுவோம். திங்கட்கிழமை அதே ஃபைல் அதே இடத்தில் நிற்கும். போகாமல் இருக்காதீர்கள், அதை நம்பியும் இருக்காதீர்கள். சனிக்கிழமையில் வைத்தால் குழந்தை உள்ளவர்கள் வர முடியாமல் ஒதுக்கப்பட்டதாக உணர்வார்கள், அதையும் பாருங்கள்.

ஒருவர் இன்னொருவரை இழிவாகப் பேசுகிறார், மிரட்டுகிறார். சமாதானம் பேசலாமா?

கூடாது. அதை டீம் விஷயமாக நினைத்து ஆறப்போடுவது தவறு. 2019ஆம் ஆண்டின் தொழிலாளர் உரிமைச் சட்டம் வேலையிடத்தில் துன்புறுத்தல், வசவு, மிரட்டல், பாலியல் தொல்லை ஆகியவற்றைத் தடைசெய்கிறது. தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் எழுதி மனிதவளப் பிரிவுக்குக் கொடுங்கள். அங்கே அசையவில்லை என்றால் தொழிலாளர் அமைச்சக அலுவலகம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்தவர்கள் பயந்து வாய்மூடி இருப்பார்கள். அவர்களுக்கு இந்த விவரத்தை நாமாகவே சொல்ல வேண்டும்.

இவ்வளவு சொல்கிறீர்களே, உங்கள் டீமில் இப்போது சண்டையே இல்லையா?

போன செவ்வாய்க்கிழமை ஏசியை 21இல் வைப்பதா 25இல் வைப்பதா என்று நான்கு பேர் மோதிக்கொண்டார்கள். காலை ஷிப்ட் 25, மதிய ஷிப்ட் 22 என்று முடிவானது. இப்போது அதற்கும் ஹேண்டோவர் ஷீட்டில் ஒரு வரி இருக்கிறது. மூன்றாவது கட்டத்தில் யாரோ "ரிமோட்டைத் தொடாதே" என்று எழுதியிருக்கிறார்கள்.